வலது பின் மூலை

திண்டுக்கல்லில் செத்துப்போகிறவர்களில் பாதிப் பேருக்குக் கடைசியாகக் கிடைக்கிற முகதரிசனம் ராயப்பராஜுடையது. அவர் ஊருக்கு இலவசமாக விட்டிருக்கும் அமரர் ஊர்தியின் இரண்டு பக்கவாட்டிலும் அவர் கைகூப்பிச் சிரித்துக்கொண்டிருப்பார். முகப்பில் சிரிப்பார். பின்கதவில் சிரிப்பார். ஓட்டுநர் இருக்கைக்கும் பெட்டி வைக்கிற இடத்துக்கும் நடுவில் இருக்கிற கண்ணாடியை முழுவதும் அடைத்துக்கொண்டு ஒரு படம். படுத்திருப்பவருக்கு நேர் மேலே கூரையில் ஒரு படம். அந்தக் கூரைப் படத்துக்கு மட்டும் பெயர் போடவில்லை. அதைப் பார்க்கிறவர்கள் படித்துத் தெரிந்துகொள்கிற நிலையில் இருக்க மாட்டார்கள் என்று ஸ்டிக்கர் கடைக்காரர் எடுத்துச் சொன்னதில் ஒரு வரி மிச்சமாயிற்று.

மற்றப் படங்களின் கீழெல்லாம் 'சேவைச் சிகரம் ராயப்பராஜ்' என்று இருக்கும். பழனி ரோட்டில் கம்பியும் தகரமும் விற்கிற இரும்புக்கடை அவருடையது. கடை மாடியில் ஒரு மனிதநேயப் பேரவை இயங்குகிறது. பட்டத்தைக் கொடுத்தது அந்தப் பேரவைதான். பேரவையின் தலைவர் ராயப்பராஜ். பட்டம் கிடைக்கப்போகிற சேதி தனக்கே தெரியாது என்று அன்றைக்கு மேடையில் சொல்லி அவர் கண் கலங்கியதைப் பந்தல் போட்டவர்கூட நம்பவில்லை.

சும்மா சொல்லக் கூடாது, வண்டி ஓடியது. மேட்டுப்பட்டியானாலும் சாணார்பட்டியானாலும் போன் வந்தால் டிரைவர் பாக்கியராஜ் வண்டியோடு போய் நின்றுவிடுவான். ஏழை வீட்டுச் சாவுக்கு ராயப்பராஜின் படம் மட்டும் போகும். கொஞ்சம் ஆள் கட்டு உள்ள வீடென்றால் அவரே போவார். முழங்கால் உயரத்துக்கு மேல் பக்கமெல்லாம் திறந்த வண்டி அது, கூரை பெட்டிக்கு மேலே மட்டும். பெட்டிக்கு வலது பக்கம், பின் மூலையில் நின்றுகொள்வார். அந்த இடத்தில் நின்றால்தான் ரோட்டின் இரண்டு பக்கத்துக்கும் முகம் தெரியும். வெயிலும் தலைக்குப் பின்னாலிருந்து ஒளிவட்டம் மாதிரி விழும். அங்கே கைகூப்பியபடி, செத்தவரின் மகன்களைவிடச் சோகமாக நின்று, கல்லறை வரை போவார்.

உப்பையும் சொல்ல வேண்டும். குழியில் இறக்கியதும் மேலே உப்பைக் கொட்டி மண்ணைத் தள்ளுவது இந்தப் பக்கத்து வழக்கம். சாவு அவசரத்தில் உப்பை மறந்துவிட்டு, குழிக்கு முன்னால் நின்றுகொண்டு கடைக்கு ஆள் அனுப்புகிற குடும்பங்கள் உண்டு. ராயப்பராஜ் அதிலும் ஒரு சேவையைக் கண்டுபிடித்தார். வண்டியிலேயே ஒரு மூட்டை கல் உப்பு எப்போதும் இருக்கும், யார் வேண்டுமானாலும் அள்ளிக்கொள்ளலாம். மூட்டையிலும் அவர் படம் உண்டு. மூட்டையின் இடம் வலது பின் மூலை. அவர் ஏறுகிற நாளில் பாக்கியராஜ் அதை இழுத்து இடது பக்கம் போட்டு, இறங்கியதும் பழைய இடத்துக்கே தள்ளிவிடுவான்.

ஐஸ் பெட்டியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் சரிவாக ஓடிச் சேர்வதும் அதே மூலைக்குத்தான். வருஷக்கணக்கில் உப்பு அங்கே ஊறியது.

"மொதலாளி, மூட்டை அடியில தகடு பொரிஞ்சு பொரிஞ்சு வருது" என்று பாக்கியராஜ் ஒருமுறை சொன்னான்.

"தர்மத்துக்கு வச்ச உப்புடா அது. அது எதையும் அரிக்காது" என்றார் இரும்பு வியாபாரி.

இப்படிப் பிணங்களோடு நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த அவருடைய வாழ்க்கையில் போன வருஷம் அவருடைய சகலை ஸ்டீபன்ராஜ் இன்னொரு அமரர் ஊர்தியைக் கொண்டுவந்து நிறுத்தினார். ஸ்டீபன்ராஜ், ராயப்பராஜின் மனைவி சகாயசெல்விக்கு அக்கா புருஷன். தண்ணீர் மோட்டார் விற்கிறவர். அவருடைய வண்டி வெள்ளை வெளேரென்று, ஏசி போட்டு, சுற்றிலும் கண்ணாடியும் ஓடுகிற எழுத்து விளக்குமாக, கல்யாண மண்டபத்தை அறுத்துச் சக்கரம் வைத்த மாதிரி இருந்தது. 'ஸ்டீபன்ராஜ் குடும்பத்தார் அன்பளிப்பு' என்று அந்த விளக்கு இரவும் பகலும் ஓடியது. அதற்கப்புறம் ஊரில் ஒருவர் மூச்சு இழுக்க ஆரம்பித்தாலே அந்த வீட்டுக்கு இரண்டு பேரும் போன் செய்து உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

ஒரு ஞானஸ்நான விருந்தில், இலையில் பிரியாணி விழுந்துகொண்டிருக்கும்போது, ஸ்டீபன்ராஜ் பக்கத்து இலைப் பக்கம் சாய்ந்து ஆரம்பித்தார்.

"பெரியவருக்கு முடியலையாமே சகல?"

பெரியவர் என்றது ராயப்பராஜின் அப்பா அருளப்பனை. எண்பத்தேழு வயது. படுக்கையில் கிடந்தார்.

"கடவுள் சித்தம்" என்றார் ராயப்பராஜ்.

"அதுக்கில்ல, வெயில் காலமா இருக்கு. நம்ம ஏசி வண்டியில கொண்டு போயிருவோம். ஒங்க வண்டி பாவம், சளி புடிச்ச மாதிரி ஒழுகிக்கிட்டே போகுது."

பந்தியில் நாலு பேர் சிரித்தார்கள். ராயப்பராஜ் கையில் எடுத்த எலும்பை இலையில் வைத்தார்.

"எங்கப்பா என் வண்டியிலதான் போவாரு. அவர விடு, எங்க வீட்டு நகம்கூட ஒன் வண்டியில ஏறாது, சகல. நல்லாக் கேட்டுக்க. நகம்."

பந்தி முழுக்கக் கேட்டது. சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கக் கேட்டது. அன்றிலிருந்து ராயப்பராஜுக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு காரியம்தான் பாக்கி: அப்பாவைத் தன் வண்டியில், தன் பெயருக்குக் கீழே, ஊர் பார்க்கக் கல்லறைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது. அதற்கு வேண்டியதெல்லாம் தயாராக இருந்தது. அப்பா செத்தால் போதும்.

அருளப்பனுக்கு வேறு யோசனை இருந்தது. "ஏலே, என்னைய நாலு பேரு தோள்ல தூக்கிட்டுப் போங்கடா. உன் மூஞ்சிய ஒட்டுன வண்டியில ஏத்துனேன்னு வச்சுக்க, எந்திரிச்சு நடந்தே போயிருவேன்" என்று, பேச முடிகிற நேரத்திலெல்லாம் அதையே பேசினார்.

பார்க்க வந்தவர்களிடம் ராயப்பராஜ், "அப்பாவுக்கு நம்ம வண்டின்னா உசுரு. எந்நேரமும் அதப் பத்தித்தான் பேச்சு" என்றார்.

இந்த நேரத்தில்தான் வண்டிக்கு எஃப்.சி. வந்தது. ரோட்டில் ஓடத் தகுதியான வண்டிதான் என்று அரசாங்கம் சோதித்துக் கொடுக்கிற சான்று. வழக்கமாகப் பாக்கியராஜ் மட்டும் போவான். இந்த முறை ராயப்பராஜும் போனார். காரில் எப்போதும் இருக்கிற சால்வைகளில் ஒன்றை எடுத்துக்கொண்டார்.

ஆய்வாளர் புவனேஸ்வரி கையில் சின்னச் சுத்தியலும் ஸ்குரூ டிரைவருமாக லாரிகளுக்கு நடுவிலிருந்து வந்தார். ராயப்பராஜ் சால்வையை விரித்தார்.

"எனக்கெதுக்கு சார்? வண்டிக்குப் போத்துங்க. அதுக்குத்தான் உடம்பு சரியில்லாத மாதிரி இருக்கு."

"மேடம், இது பொதுச்சேவை வண்டி. ஊர்ல ஒருத்தர்கிட்டயும் காசு வாங்குறதில்ல."

"துருவும் இலவசமாத்தான் ஏறியிருக்கு போல" என்று சொல்லிக்கொண்டே அவர் பின்பக்கம் ஏறினார்.

விரிப்பை விலக்கிவிட்டுத் தளத்தைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார். நடுவில் டங்கென்று கேட்டது. ஓரத்துக்குப் போகப் போகச் சத்தம் செத்தது. வலது பின் மூலையில், நமுத்துப்போன அப்பளத்தைத் தட்டின மாதிரி இருந்தது. ஸ்குரூ டிரைவரை வைத்து லேசாக அழுத்தினார். அது பிடி வரைக்கும் இறங்கி அப்படியே நின்றுகொண்டது.

"இங்க என்ன வச்சிருந்தீங்க?"

"உப்பு மேடம்" என்றான் பாக்கியராஜ்.

"எதுக்கு?"

"குழிக்கு."

"அப்ப குழியில போட வேண்டியதுதானே? வண்டியை ஏன்யா ஊறுகாய் போட்டீங்க? சார், இறங்கிக் கீழ குனிஞ்சு பாருங்க. மேல டார்ச் அடிச்சா ரோட்டுல பொட்டுப் பொட்டா வெளிச்சம் விழுது."

ராயப்பராஜ் குனியவில்லை. கஞ்சி போட்ட வேட்டி. சுற்றி லாரிக்காரர்கள் வேறு நின்றார்கள்.

"மேடம், இதுல போனவங்க யாரும் இதுவரைக்கும் ஒரு குறை சொன்னதில்ல."

"சொல்ல மாட்டாங்கதான். உசுரோட யாரும் பின்னாடி ஏறுறதில்லையா?"

"நான் ஏறுவேன்" என்றார் ராயப்பராஜ், நெஞ்சை நிமிர்த்தி.

"எங்க நிப்பீங்க?"

அவர் கைகாட்டினார். ஸ்குரூ டிரைவர் நட்டுக்கொண்டு நின்ற இடத்தை.

புவனேஸ்வரி அவரைத் தலையிலிருந்து கால் வரை, போகிற வழியில் வயிற்றில் சற்றுத் தங்கி, பார்த்தார். "உங்க எடை என்ன சார்?"

சேவைச் சிகரத்திடம் கேட்கிற கேள்வியா அது? புவனேஸ்வரி பதிலுக்குக் காத்திருக்கவில்லை. தளம் துருவால் அரித்துவிட்டது, முழுத் தகட்டையும் மாற்றிக்கொண்டு வர வேண்டும், அதுவரை வண்டியை ரோட்டில் எடுக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். நடுக் கண்ணாடியில் ஒட்டியிருக்கிற படத்தையும் கிழிக்கச் சொன்னார். டிரைவருக்குப் பின்னால் நடப்பது தெரிய வேண்டுமாம்.

"பின்னால என்ன நடக்கும்? பொணம் எந்திரிச்சு ஆடவா போகுது?" என்று திரும்பி வரும்போது ராயப்பராஜ் பொங்கினார். படம் கிழிபடவில்லை.

வண்டி அன்றைக்கே பேகம்பூரில் மைதீன் பிச்சையின் டிங்கரிங் பட்டறைக்குப் போனது. மைதீன் பிச்சை காலால் ஒரு உதை விட்டுப் பார்த்துவிட்டு, "தளத்த முழுசாப் பேத்துறணும் மொதலாளி. ஒரு வாரம் வண்டிய விடுங்க" என்றார்.

"ஒரு வாரமா? அந்த ஒரு வாரத்துல ஊர்ல எத்தனை பேரு சாவான், அம்புட்டும் சகலைக்குப் போயிரும் பாய். எங்கப்பா வேற எந்த நேரமோ தெரியல."

"அப்ப என்ன செய்ய?"

"அப்பா படுக்குற எடத்துக்கு மட்டும் நம்ம கடையிலருந்து கனத்த தகடு தரேன். அதுல கொறை இருக்கக் கூடாது. மத்த எடத்த எதையாவது வச்சு மறைச்சிருங்க."

"நீங்க நிக்கிற எடம்?"

"எனக்கென்ன, நான் என்ன ஆனையா?"

மைதீன் பிச்சையும் பாக்கியராஜும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். டீக்குச் சொன்னார்கள்.

பெட்டி வைக்கிற நடுப்பகுதிக்குக் கப்பலுக்குப் போடுகிற மாதிரி தகடு வந்து இறங்கியது. மூலை ஓட்டைக்கு மைதீன் பிச்சை பட்டறையில் சுற்றுமுற்றும் பார்த்தார். போன கோடையில் ராயப்பராஜ் வைத்த தண்ணீர்ப் பந்தலின் விளம்பரத் தகரம் ஒன்று, பட்டறைக்கு வெயில் மறைப்பாகக் கட்டியிருந்தது. அதில் அவர் கையில் ஒரு டம்ளரோடு சிரித்துக்கொண்டிருந்தார். அதை வெட்டி, துரு மேலேயே நாலு இடத்தில் பற்றவைத்து, மேலே பட்டி பூசித் தேய்த்து, கறுப்புப் பெயிண்ட் அடித்து, சிவப்பு விரிப்பை விரித்ததும் வண்டி கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிட்டது.

"மூஞ்சி கீழ பாக்குறாப்ல வச்சிருக்கேன் மொதலாளி. ரோட்டுக்கும் ஒங்களத் தெரியட்டும்" என்றார் மைதீன் பிச்சை. ராயப்பராஜ் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டார்.

மறுபடியும் ஆய்வுக்குக் கொண்டுபோவதற்குள் அருளப்பன் செத்துப்போனார்.

முதல் போன் ஸ்டீபன்ராஜிடமிருந்து. "சகல, கேள்விப்பட்டேன். வண்டி அனுப்பட்டா?"

ராயப்பராஜ் போனை வைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் அழுதார்.

பாக்கியராஜ் தயங்கித் தயங்கி வந்து நின்றான். "மொதலாளி, எஃப்.சி. இல்லாம எடுக்கச் சொல்றீங்க. எதும் ஒண்ணுன்னா என் லைசென்ஸ் போயிரும்."

"பொணத்த மறிச்சு எந்தப் போலீஸ்காரன்டா எஃப்.சி. கேப்பான்?"

இது உண்மை. பாக்கியராஜ் சாவியை எடுத்தான்.

"இன்னொண்ணு. பின்னால நான் ஒருத்தன்தான். சொந்தக்காரன் எவனையும் ஏத்தாத, படத்துல குறுக்க வந்து நிப்பானுக. போன ஆஃப் பண்ணி வச்சிரு. எங்கப்பா போறப்ப ஒன் போன்ல குத்துப்பாட்டு அடிக்கக் கூடாது."

படம் எடுக்க டிரோன் வந்திருந்தது. பேண்டு செட் வந்திருந்தது. வேட்டுப் போடுகிறவர்கள் ஒரு டெம்போ நிறைய வெடியோடு வந்திருந்தார்கள். கோயிலில் பூசை முடிந்து, பெட்டியை வண்டியில் ஏற்றினார்கள். கனத்த தகடு அசையவில்லை. பாக்கியராஜ் உப்பு மூட்டையை இடது பக்கம் இழுத்துப் போட்டான். ராயப்பராஜ் ஏறி வலது பின் மூலையில் நின்று கைகூப்பினார். மேலே டிரோன் ரீங்கரித்தது. சனம் திரண்டு நின்றது. எல்லாம் அவர் நினைத்த மாதிரியே நடந்தது.

ஒன்றைத் தவிர. சனத்துக்குப் பின்னால் ஒரு வெள்ளை வண்டி ஊர்ந்து வந்தது. ஓடுகிற எழுத்துகள் ஓடிக்கொண்டிருந்தன. ஓட்டுநர் பக்கத்து இருக்கையில் ஸ்டீபன்ராஜ், கறுப்புக் கண்ணாடியோடு.

பூசை வைத்த பங்குச் சாமியார் தன் காரை நிறுத்தி, "அது எதுக்கு இன்னொரு வண்டி?" என்று கேட்டதற்கு, "எதுக்கும் இருக்கட்டும்னுதான் ஃபாதர். சகல வண்டிக்கு எஃப்.சி. கெடைக்கலையாம்" என்றாராம் ஸ்டீபன்ராஜ், பத்துப் பேருக்குக் கேட்கிற குரலில்.

ஊர்வலம் நடை வேகத்தில் போனது. மணிக்கூண்டைத் தாண்டியதும் ஒரு வேகத்தடை. முன்சக்கரம் மெதுவாக ஏறி இறங்கியது. பின்சக்கரம் ஏறி இறங்கும்போது, டம்ளரோடு சிரித்துக்கொண்டிருந்த ராயப்பராஜ் மேல், கைகூப்பிக்கொண்டிருந்த ராயப்பராஜின் எடை முழுவதும் இறங்கியது. நாலு பற்றவைப்பும் ஒன்றாக விட்டுக்கொடுத்தன.

அவர் இடுப்பு வரைக்கும் இறங்கி, அங்கே மாட்டிக்கொண்டார். தகரம் கீழ்நோக்கி மடங்கிக்கொண்டு பற்களாக இடுப்பைச் சுற்றிப் பிடித்தது. இறங்கவிட்டது. ஏற முயன்றால் குத்தியது. விரிப்பின் கிழிசல் சுற்றிலும் பூப் போல ஒதுங்கியிருந்தது.

வெளியே நின்ற சனத்துக்கு அவர் மண்டியிட்டது தெரிந்தது. ரோடு வரைக்கும் தொங்கிய பூமாலைகளுக்கு மேலே மார்பும் கூப்பிய கையும் மட்டும் தெரிந்தன.

"யாத்தே, முழங்கால் போட்டுட்டாரு பாரு" என்றாள் ஒருத்தி.

"அப்பன் மேல அம்புட்டுப் பாசமாக்கும்."

"நம்மளுக்கும் வாச்சிருக்கே ஒண்ணு. தண்ணி குடுறான்னா மொறைக்குது."

இந்த இடத்தில் அவர் ஒரு வார்த்தை கத்தியிருந்தால் போதும். பேண்டு செட் அடுத்த பாட்டுக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்த நேரம். பத்தடியில் ஆட்கள் நடந்துகொண்டிருந்தார்கள். வண்டி நின்றிருக்கும். இரண்டு பேர் கீழே போய்த் தூக்கிவிட்டிருப்பார்கள். கொஞ்சம் சிராய்ப்பு, ஒரு வேட்டி, ஒரு ஊசி. அதோடு முடிந்திருக்கும்.

ராயப்பராஜ் மேலே டிரோனைப் பார்த்தார். பின்னால் வெள்ளை வண்டியைப் பார்த்தார். கறுப்புக் கண்ணாடி தன்னையே பார்ப்பதைப் பார்த்தார். பிறகு கைகளை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கூப்பிக்கொண்டார்.

கால்கள் ரோட்டில் பட்டன. முழங்காலை மடக்கினால் நடக்க முடிந்தது. நடந்தார். அந்த ஊர்வலத்தில் வண்டியில் ஏறியும் நடந்தும் போனவர் அவர் ஒருவர்தான். ஒரு செருப்பு எங்கேயோ விழுந்தது. சித்திரை மாதத்துத் தார் உள்ளங்காலைச் சுட்டபோது முகம் கோணியது. கண்ணீர் வந்தது. டிரோன் இறங்கிக் கிட்டே வந்து அதை எடுத்துக்கொண்டது. கல்லறை வரை இப்படியே போய்விடலாம், பெட்டியை இறக்குகிற கூட்டத்தில் யாராவது ஒருத்தனைக் காதோடு கூப்பிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று அவர் கணக்குப் போட்டார்.

அவர் மறந்துபோனது அவரே போட்ட ஏற்பாட்டை. கல்லறைத் தோட்டம் ஊருக்கு வெளியே. சனம் ரவுண்டானா வரைதான் நடக்கும். அங்கே பேண்டு செட் நிற்கும், கடைசி வேட்டுப் போடுவார்கள். எல்லாரும் அவரவர் பைக்கிலும் வேனிலும் ஏறிக்கொள்ள, வண்டி வேகம் எடுக்கும். நூற்றுக்கணக்கான சாவுக்கு அப்படித்தான் நடந்தது. இதற்கும் அப்படியே நடந்தது.

வேட்டுச் சத்தத்தில் அவருடைய முதல் கத்தல் போயிற்று. இரண்டாவது கத்தலின்போது வண்டி முப்பதைத் தொட்டிருந்தது. நடந்த கால்கள் ஓடின. செத்த நேரம் ஓடின. பிறகு இழுபட்டன.

"பாக்கியராஜூ! டேய்! நிப்பாட்டுடா!"

முன்னால், நடுக் கண்ணாடியில், அவருடைய படம் அவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தது. அதற்கு அந்தப் பக்கம் பாக்கியராஜ், சாவு வண்டியில் எப்போதும் வைத்துக்கொள்கிற முகத்தோடு, நேரே பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தான். ராயப்பராஜ் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து அவனை அழைத்தார். அணைத்து வைக்கப்பட்டுள்ளதாக ஒரு பெண் குரல் பணிவாகச் சொன்னது.

அப்போதுதான் அந்த அழைப்பு வந்தது. திரையில் 'ஸ்டீபன் சகலை' என்று இருந்தது.

வெள்ளை வண்டி இப்போது நேர் பின்னால் வந்துகொண்டிருந்தது. வேகத்தில் மாலைகள் ஒதுங்க, முன்னால் போகிற வண்டிக்குக் கீழே இரண்டு கால்கள் இழுபடுவதைப் பார்த்தவர்கள் உலகத்திலேயே ஸ்டீபன்ராஜும் அவருடைய டிரைவரும்தான். டிரைவர் ஹாரனில் கை வைத்தபோது ஸ்டீபன்ராஜ் தடுத்தார். துக்க ஊர்வலத்தில் ஹாரன் அடிப்பது மரியாதை இல்லை என்று நினைத்ததாகப் பிற்பாடு போலீஸிடம் சொன்னார். அதனால் போன் செய்தாராம்.

ராயப்பராஜ் திரையைப் பார்த்தார். வலியில் பல் கிட்டித்திருந்த அந்த நேரத்திலும் அவருக்கு ஒன்று நிச்சயமாகத் தெரிந்தது. இவன் கேலி பேசத்தான் கூப்பிடுகிறான். 'சகல, கீழ ஒங்க கால் தெரியுது' என்பான். இவன் சொல்லி வண்டி நின்றால், பிறகு அப்பா எந்த வண்டியில் ஏறுவார்?

அழைப்பைத் துண்டித்தார்.

மறுபடி வந்தது. மறுபடி துண்டித்தார்.

மூன்றாவது அழைப்பு அடித்துக்கொண்டிருக்கும்போது வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. வலது கால் பின்சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவில் போயிற்று. அந்தச் சத்தம்தான் கடைசியில் பாக்கியராஜுக்குக் கேட்டது. பின் டயரில் ஏதோ மாட்டிவிட்டது என்று நினைத்து ஓரம் கட்டினான்.

அதன்பிறகு நடந்ததையெல்லாம் ஸ்டீபன்ராஜ் மிகவும் பொறுப்பாகச் செய்தார் என்று ஊர் ஒத்துக்கொள்கிறது. ஆம்புலன்சுக்குச் சொன்னார். மைதீன் பிச்சையை வரவழைத்துத் தகரத்தை அறுக்க வைத்தார். அறுத்த துண்டு கீழே விழுந்தபோது, ரத்தத்துக்கு நடுவில் டம்ளர் மட்டும் தெரிந்தது. ராயப்பராஜ் நினைவு தப்பி ஆம்புலன்சில் ஏற்றப்பட்டார். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, சாமியார் கல்லறையில் காத்திருந்தார், பெட்டியை நடுரோட்டில் வைத்துக்கொண்டு நிற்க முடியாது. நாலு பேர் அருளப்பனைத் தூக்கினார்கள். அவர் கேட்ட மாதிரியே தோளில்தான் தூக்கினார்கள். வெள்ளை வண்டி வரைக்கும்.

டிரோன்காரருக்கு யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அவர் வாங்கின காசுக்கு எல்லாவற்றையும் எடுத்தார்.

ராயப்பராஜ் கண் விழித்தபோது பக்கத்தில் சகாயசெல்வி உட்கார்ந்திருந்தாள். போர்வை இடது பக்கம் கடைசி வரை மேடாக இருந்தது. வலது பக்கம் பாதியிலேயே படுத்துவிட்டது. அவர் அதைப் பார்த்தாரா என்று தெரியவில்லை.

"அப்பா எதுல போனாரு?"

"பேசாம படுங்க."

"எந்த வண்டின்னு கேட்டேன்."

"எந்த வண்டியா இருந்தா என்னங்க? நல்லபடியா அடக்கம் பண்ணியாச்சு. உப்பு போட்டாச்சு. அத்தான்தான் எல்லாம் கூடமாட நின்னு பாத்தாரு."

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"காலு?"

"எடுத்துட்டாங்க. முழங்காலுக்குக் கீழ" என்றாள் சகாயசெல்வி. அழுது முடித்த குரல். "பொட்டலம் கட்டி நம்ம கையில குடுத்துட்டாங்க. மாமா குழியில கால்மாட்டுலயே வச்சு மூடிரலாம்னு ஃபாதர் சொல்லிட்டாரு."

"பாக்கியராஜ வரச் சொல்லு. அதையாவது நம்ம வண்டியில கொண்டு போகச் சொல்லு."

"நம்ம வண்டி ஸ்டேஷன்ல நிக்குது. அவனும் அங்கதான் இருக்கான்."

"அப்ப எதுல கொண்டு போறீங்க? ஆட்டோவுல போகச் சொல்லு. சைக்கிள்ல போகச் சொல்லு. செல்வி, ஏய், எதுல போகுது?"

அவள் எழுந்து போய் ஜன்னலை மூடினாள். அதற்குள் அவருக்குக் கேட்டுவிட்டது. ஏசி வண்டியின் இரைச்சல். கீழே வாசலில் நின்று, கிளம்பியது.

அந்த நேரம் ஸ்டீபன்ராஜ் பொட்டலத்தை வண்டியின் நடுவில், முழு ஆளுக்கு வைக்கிற மாதிரி, மாலை போட்டு வைத்திருந்தார். ஏற்றுவதற்கு முன்னால் துணியை லேசாக விலக்கிப் பார்த்தார் என்று உடன் வந்த ஆஸ்பத்திரி ஆள் சொன்னார்.

"அஞ்சும் இருக்கா பாரு" என்றாராம்.

"என்ன சார் அஞ்சு?"

"நகம்."

இருந்தது. அஞ்சும் இருந்தது.

போகிற வழியில் ரோட்டோரம் நின்றவர்கள், யார் சாவு என்று தெரியாமலே கும்பிட்டார்கள். ஸ்டீபன்ராஜ் அவர்களுக்குப் பதிலுக்குக் கைகூப்பிக்கொண்டே போனார். இரண்டு பக்கமும் முகம் தெரிகிற இடமாகப் பார்த்து, வலது பின் மூலையில் நின்றிருந்தார். சகலையின் உப்புச் சேவை நின்றுபோகக் கூடாது என்று, பழைய வண்டியிலிருந்து இறக்கிக்கொண்டுவந்த மூட்டை அவர் காலடியில் இருந்தது. அடியில் லேசாகக் கசிந்துகொண்டிருந்தது.